ஒக்ஸ்போட் கண்ட மருந்துகளும் உரிமை வினாவும்

பல்கலைக்கழகங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அவற்றின் பழைமையையும், கட்டடச் சிறப்பையும், அங்குப் பயின்று பெரும்பதவி எய்தினோரையும் பற்றியே விரித்துரைப்பர். ஆங்கு விளைந்த அறிவு எவ்வழியாற் பொதுமக்களை வந்தடைந்தது, வரும் வழியில் யார் யார் கைப்பட்டது, யாருக்குக் கிட்டாது போயிற்று என்னும் செய்திகள் அவ்வரலாறுகளில் அருகியே காணப்படும். இங்கிலாந்திலுள்ள ஒக்ஸ்போட் நகரில் 1096 ஆம் ஆண்டளவிலேயே உயர்கல்வி புகட்டப்பட்டது என்பர். அத்துணைப் பழைமை வாய்ந்த அப்பல்கலைக்கழகம் கடந்த எண்பது ஆண்டுகளில் உலகிற்கு அளித்த மருந்துகள் சிலவற்றின் வரலாற்றை மேற்கூறிய நோக்கிலே ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

இவ்வாராய்ச்சியில் யான் புகுந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. 2021 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிற் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தமையாற் கைத்தொலைபேசி வழியே வரலாற்று வகுப்பொன்றை நடாத்திக்கொண்டிருந்தேன். கொள்ளைநோய்த் தடுப்பூசியின் இரண்டாம் முறைக்குப் பலரும் ஏங்கிக் காத்திருந்த காலம் அது. மாணவன் ஒருவன், "சேர், இந்த ஊசியைக் கண்டது ஒரு பல்கலைக்கழகம் என்கிறார்கள். பல்கலைக்கழகம் படிப்பிக்கிற இடந்தானே? அது கண்டதைப் பெறுவதற்கு நாங்கள் ஏன் காத்திருக்க வேண்டும்?" என வினவினான். அன்று யான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. அவ்விடையைத் திருத்தும் முயற்சியாக இதனைக் கொள்க.

பூஞ்சணம் மருந்தானமை

1928 ஆம் ஆண்டில் இலண்டன் சென்ற் மேரீஸ் வைத்தியசாலையில் அலெக்சாந்தர் பிளெமிங் என்பார், தம் ஆய்வுகூடத்துத் தட்டொன்றில் வளர்ந்த பூஞ்சணம் தன்னைச் சூழ்ந்திருந்த கிருமிகளை அழித்தமையைக் கண்டார். அதனிற் சுரந்த பொருளுக்குப் பெனிசிலின் எனப் பெயரிட்டு, 1929 இல் அதுபற்றிக் கட்டுரையும் எழுதினார். ஆயின் அப்பொருளைப் பிரித்தெடுத்து மருந்தாக்க அவரால் இயலவில்லை. பத்தாண்டுகள் வரை அது நூல்நிலையத்து ஏட்டிலேயே உறங்கிற்று.

அதனைத் துயிலெழுப்பியோர் ஒக்ஸ்போட்டின் நோயியற் பேராசிரியராக 1935 இற் பதவியேற்ற ஹவாட் புளோரியும் அவருடன் பணிபுரிந்தோருமாவர். புளோரி அவுஸ்திரேலியாவின் அடலெயிட் நகரிற் பிறந்தவர். அவர்தம் துணைவருள் ஒருவரான ஏர்ணஸ்ற் செயின் பேர்லினிற் பிறந்த யூதர். ஹிட்லர் ஆட்சியேறிய 1933 இற் பிறந்தகம் நீங்கி இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தவர். மற்றொருவர் நோர்மன் ஹீற்லி என்னும் உயிரிரசாயனவியலாளர். ஓர் அவுஸ்திரேலியர், ஓர் அகதி, ஓர் ஆங்கிலேயர் ஆகிய இம்மூவர் கூட்டிலேயே அம்மருந்து உருப்பெற்றது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. பணவுதவியிற் பெரும்பகுதி அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவகத்திலிருந்து வந்தது.

1940 ஆம் ஆண்டு மே மாதம் 25 ஆந் திகதி, கொடிய கிருமிகளை எட்டு எலிகளுக்கு ஏற்றி, அவற்றுள் நான்கிற்கு மட்டும் பெனிசிலினை அளித்தனர். மறுநாட் காலை மருந்து பெறாத நான்கும் மாண்டு கிடந்தன. ஜேர்மனியப் படை இங்கிலாந்தினுட் புகுந்துவிடுமோ என்னும் அச்சம் நிலவிய காலமாதலின், ஆய்வுகூடத்தை அழிக்க நேரினும் பூஞ்சணம் அழியாதிருக்கவேண்டி அதன் வித்திகளைத் தம் மேலங்கிகளின் உட்புறத்திலே தேய்த்து வைத்துக்கொண்டனர்.

பூஞ்சணத்தை வளர்த்தற்கேற்ற கலங்கள் அக்காலத்திற் கிடைக்கவில்லை. நோயாளர் படுக்கையிற் பயன்படுத்தும் மலசலப் பாத்திரங்களிலே ஹீற்லி அதனை வளர்த்தார். பின்னர் அவ்வடிவைத் தழுவி மட்கலங்கள் செய்வித்தார். 1941 பெப்ரவரி 12 ஆந் திகதி, கிருமிகளால் முகமும் உடலும் சீழ்க்கொண்டு கிடந்த ஒரு பொலிசுக்காரருக்கு அம்மருந்து ஏற்றப்பட்டது. அவர் நோய் வியக்கத்தக்கவாறு தணிந்தது. ஆயின் சில நாளில் மருந்து தீர்ந்தது. அவர் கழித்த சிறுநீரைத் துவிச்சக்கர வண்டியில் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுசென்று, அதனின்றும் மருந்தை மீளப் பிரித்தெடுத்து ஏற்றினர். அதுவும் போதவில்லை. மார்ச் 15 ஆந் திகதி அவர் இறந்தார்.

இந்நிகழ்ச்சியை வாசகர் மனத்திலே பதித்துக்கொள்ளல் வேண்டும். அவரைக் காக்கும் அறிவு அவர் கிடந்த ஊரிலேயே இருந்தது. அறிவிற்குக் குறைவில்லை. அளவிற்கே குறைவு.

ஆக்கவுரிமைப் பிணக்கு

பெருந்தொகையாக மருந்தைச் செய்தற்குப் போரில் நலிந்த பிரித்தானியாவில் வாய்ப்பில்லை. 1941 ஆம் ஆண்டிலே புளோரியும் ஹீற்லியும் அமெரிக்கா சென்றனர். இலினோய் மாநிலத்துப் பியோரியா நகரிலிருந்த அரசாங்க ஆய்வுகூடத்திலே, சோளத்தினின்றும் மாப்பிரிக்கும்போது எஞ்சும் நீரிற் பூஞ்சணம் செழித்து வளர்தல் கண்டறியப்பட்டது. ஆழ்ந்த பெருங்கலங்களில் அதனை வளர்க்கும் முறையும் வகுக்கப்பட்டது. அமெரிக்க அரசின் ஊக்கத்தாற் பல கம்பனிகள் ஒருங்கே அத்தொழிலில் இறங்கின. 1944 யூன் மாதத்தில் நோர்மண்டிக் கரையில் இறங்கிய படைகளுக்கு வேண்டிய பெனிசிலின் ஆயத்தமாயிருந்தது. 1945 இற் பிளெமிங், புளோரி, செயின் ஆகிய மூவருக்கும் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. ஹீற்லிக்கு அதிற் பங்கில்லை. 1990 இலேயே ஒக்ஸ்போட் அவருக்கு மருத்துவத்திற் கௌரவக் கலாநிதிப் பட்டம் அளித்துப் பழைய கடனைத் தீர்த்துக்கொண்டது.

இவ்விடத்தில் உரிமை வினா முதன்முதல் எழுகின்றது. ஒரு புதுப்பொருளையோ முறையையோ கண்டவர் குறித்த காலம்வரை பிறர் அதனைச் செய்யாது தடுத்தற்குச் சட்டம் வழங்கும் உரிமையே ஆக்கவுரிமை எனப்படும். பெனிசிலினுக்கு அதனைப் பெறவேண்டுமெனச் செயின் வற்புறுத்தினார். அவர் தந்தை ஜேர்மனியில் இரசாயனத் தொழில் நடாத்தியவர். ஆகலின் இத்துறையின் போக்கை அவர் அறிந்திருந்தார். மருத்துவ ஆராய்ச்சிச் சபைத் தலைவர்களோ, நோயாளியின் துன்பத்தைக்கொண்டு பொருளீட்டல் அறமன்றெனக் கூறி மறுத்தனர். பின்னர் பியோரியாவில் ஹீற்லியுடன் பணிபுரிந்த அன்ட்ரூ மோயர் என்பார் உற்பத்தி முறைகளுக்குத் தம் பெயரில் ஆக்கவுரிமை பெற்றார். நாம் கண்டதைப் பிறர் தமதாக்கினர் என்னும் மனக்குறை பிரித்தானியாவில் நெடுங்காலம் நிலவிற்று.

இருதிறத்தார் வாதத்திலும் உண்மை உண்டு. அறிவைத் திறந்து வைத்தமையாற் பலர் அதனைச் செய்ய முடிந்தது. உயிர்கள் பல பிழைத்தன. ஆயின் காவலின்றித் திறந்து வைத்த பொருளுக்குப் பிறர் வேலி இடுதலும் நிகழ்ந்தது.

அறத்திற்கும் வாணிகத்திற்கும் இடையே

அம்மனக்குறையின் விளைவுகளுள் ஒன்று, பொதுப்பணத்தால் விளைந்த கண்டுபிடிப்புக்களைக் காத்தற்கென 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட தேசிய ஆராய்ச்சி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம் ஆகும். அதன் பயனை ஒக்ஸ்போட் விரைவிற் கண்டது. இத்தாலியின் சார்டினியாத் தீவிற் கழிவுநீர் கடலிற் கலக்குமிடத்திலே கியுசெப்பே புரொற்சு என்பார் ஒரு பூஞ்சணத்தைக் கண்டு ஒக்ஸ்போட்டுக்கு அனுப்பினார். எட்வேட் ஏபிரகாமும் கை நியூற்றனும் அதனின்றும் 1953 இல் செபலோஸ்போரின் என்னும் மருந்தின் மூலப்பொருளைக் கண்டனர். இம்முறை ஆக்கவுரிமை பெறப்பட்டது. வந்த பெருஞ்செல்வத்தை ஏபிரகாம் தமக்கென வைத்துக்கொள்ளாது, ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் உரிய அறநிதிகளாக ஆக்கினார். உரிமையைப் பெறுதலும் அறமும் முரணாகா என்பதற்கு இஃது ஒரு சான்றாகும்.

1985 இல் அரசு அக்கூட்டுத்தாபனத்தின் தனியுரிமையை நீக்கிக் கண்டுபிடிப்புக்களைக் கையாளும் பொறுப்பைப் பல்கலைக்கழகங்களிடமே விட்டது. ஒக்ஸ்போட் 1987 இல் இதற்கெனத் தனக்குச் சொந்தமான ஒரு கம்பனியை நிறுவிற்று. அடுத்த ஆண்டு ஐசிஸ் இனொவேஷன் எனப் பெயர்பெற்ற அக்கம்பனி, 2016 முதல் ஒக்ஸ்போட் யூனிவேசிற்றி இனொவேஷன் என வழங்குகின்றது. ஆய்வுகூடத்து முயற்சிகள் தனிக் கம்பனிகளாகக் கிளைத்தல் இதன்பின் வழக்கமாயிற்று. மரபணுத் தொடரை வாசிக்கும் சிறு கருவிகளைச் செய்யும் ஒக்ஸ்போட் நானோபோர் என்னும் கம்பனி, ஹேகன் பெயிலி என்னும் பேராசிரியரின் ஆராய்ச்சியை அடிப்படையாகக்கொண்டு 2005 இல் இவ்வாறு தோன்றியதே. புளோரியின் காலத்திற் கேள்விக்குரியதாயிருந்த ஒன்று இரு தலைமுறைக்குள் இயல்பாகிவிட்டமையை இதனால் உணரலாம்.

கொள்ளைநோய்க் காலம்

2020 சனவரியிற் சீன விஞ்ஞானிகள் புதிய கொரோனா வைரசின் மரபணுத் தொடரை உலகறிய வெளியிட்டனர். ஒக்ஸ்போட்டின் ஜென்னர் நிறுவகத்திற் பேராசிரியை சேரா கில்பேட்டும் குழுவினரும் உடனே தடுப்பூசி அமைக்கத் தொடங்கினர். அவர்கள் கையாண்ட முறை பல ஆண்டு உழைப்பின் பயனாய் முன்னரே ஆயத்தமாயிருந்தது. சிம்பன்சிக் குரங்குகளுக்குத் தடிமனை உண்டாக்கும் ஒருவகை வைரசை, மனித உடலிற் பெருகாதவாறு மாற்றி, அதனுட் கொரோனா வைரசின் முட்புரதத்துக்குரிய மரபணுவைப் பொதிந்துவைத்தல் அம்முறையாகும். உடல் அப்புரதத்தைச் செய்து, அதனைப் பகையென அறிந்து, எதிர்ப்பாற்றலை வளர்த்துக்கொள்ளும். மத்திய கிழக்கிற் பரவிய மேர்ஸ் என்னும் நோய்க்கு அவர்கள் முன்னர் இம்முறையையே கையாண்டிருந்தனர்.

ஏப்ரல் 23 ஆந் திகதி மனிதரிற் சோதனை தொடங்கிற்று. மே மாதத்திற் பிரித்தானிய அரசு 6 கோடி 55 இலட்சம் பவுணை இதற்கு ஒதுக்கிற்று. நவம்பரில் முடிவுகள் வெளியாகின. முழு அளவில் இருமுறை பெற்றோருக்கு 62 சதவீதமும், தொடக்கத்தில் அரையளவு பெற்ற சிறு தொகையினருக்கு 90 சதவீதமும் காப்புக் கிடைத்தது எனக் கூறப்பட்டது. அரையளவு அளிக்கப்பட்டமை முன்னர் திட்டமிட்டதன்று; அளவை வேறுபாட்டால் நேர்ந்தது. அதனால் ஐயங்கள் எழுந்தன. டிசம்பர் 30 ஆந் திகதி பிரித்தானியா அனுமதி அளித்தது. சாதாரண குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 பாகை வெப்பத்தில் வைக்கக்கூடியதாகலின், வறிய நாடுகளுக்கு ஏற்றதென இது போற்றப்பட்டது. 2021 வசந்தத்தில், இவ்வூசி பெற்றோருள் மிகச் சிலருக்குக் குருதி உறைதல் என்னும் அரிய கேடு நேர்தலும் அறியப்பட்டது. பல நாடுகள் இளவயதினருக்கு அதனை நிறுத்தின. நன்மையையும் தீமையையும் ஒருங்கே கூறல் வரலாற்றாசிரியன் கடனாகும்.

உரிமை வினா மீண்டெழல்

2020 ஏப்ரலின் தொடக்கத்தில், கொள்ளைநோய் தொடர்பான தன் கண்டுபிடிப்புக்களைப் பங்குப்பணமின்றி, ஒருவருக்கே உரித்தாக்காது, வேண்டுவோர்க்கு வழங்குதலே தன் பொதுக் கொள்கை என ஒக்ஸ்போட் அறிவித்திருந்தது. அது புளோரி காலத்துச் சபையினரின் குரலை ஒத்தது. ஆயின் அம்மாத இறுதியில் அஸ்ராசெனக்கா என்னும் கம்பனியுடன் உடன்பாடு செய்யப்பட்டது. உரிமை அக்கம்பனிக்கே தனித்து அளிக்கப்பட்டது. அத்துடன் கில்பேட்டும் அவர்தம் துணைவர் ஏட்ரியன் ஹில்லும் 2016 இல் நிறுவிய வக்சிரெக் என்னும் கம்பனிக்கும் இம்முறையில் வருவாய்ப் பங்கு இருந்தது.

பல்கலைக்கழகத்தின் பக்கத்து நியாயம் இது: ஊசியைக் கோடிக்கணக்கிற் செய்யவும், பல நாட்டு அனுமதி பெறவும், கொண்டுசென்று வழங்கவும் கல்விக்கூடத்துக்கு ஆற்றல் இல்லை. கொள்ளைநோய்க் காலத்தில் இலாபம் பெறுவதில்லை எனவும் கம்பனி உடன்பட்டது. அதன்படி இந்தியாவின் பூனே நகரிலுள்ள சீரம் இன்ஸ்ரிரியூற் முதலிய உற்பத்தியாளருக்குத் தொழினுட்பம் கைமாற்றப்பட்டது. அவர்கள் செய்த ஊசி கோவிஷீல்ட் எனப் பெயர்பெற்றது. இத்தகைய உடன்பாடு இல்லையேல் உலகின் தென்பகுதி இன்னும் பிந்தியே ஊசி பெற்றிருக்கும்.

எதிர்ப்பக்கத்து நியாயமும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் ஓர் ஊசிக்கு 1.78 யூரோ கொடுத்த அதேவேளையில், தென்னாபிரிக்கா 5.25 டொலர் கொடுக்க நேர்ந்தது. செல்வர் குறைவாகவும் வறியோர் மிகுதியாகவும் கொடுத்தனர். உடன்பாட்டின் முழு வாசகமும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படவில்லை. பொதுப்பணத்தால் வளர்ந்த ஒன்றின் விலையும் பங்கீடும் பொதுமக்கள் அறியாவண்ணம் தீர்மானிக்கப்படல் தகுமா என்பதே எழுந்த வினா.

நம் நாட்டின் நிலை இவ்விடத்திற் கூறத்தக்கது. 2021 சனவரி 28 ஆந் திகதி இந்தியா அன்பளிப்பாக அனுப்பிய 5 இலட்சம் கோவிஷீல்ட் ஊசிகள் இலங்கையை வந்தடைந்தன. மறுநாளே சுகாதாரப் பணியாளருக்கு அவை ஏற்றப்பட்டன. பின்னர் விலைகொடுத்தும் பெறப்பட்டன. ஆயின் இந்தியாவிற் கொள்ளைநோயின் இரண்டாம் அலை எழுந்தமையால் ஏற்றுமதி தடைப்பட்டது. தன் மக்கள் மூச்சுத்திணறிக் கிடக்கையிற் பிறருக்கு அளிக்க இயலாமை குற்றமாகாது. ஏறத்தாழ 6 இலட்சம் இலங்கையர் முதலாம் ஊசியைப் பெற்று இரண்டாவதற்குக் காத்திருந்தனர். யூலை இறுதியில் யப்பான் அனுப்பியவை வந்த பின்னரே அவர்கள் காத்திருப்பு முடிவுக்கு வந்தது. மாணவனின் வினா எழுந்தது இவ்விடைக்காலத்திலேயே.

பழைய மருந்தும் மலேரியாவும்

அதே ஆண்டுகளில் ஒக்ஸ்போட் செய்த மற்றொரு பணி அத்துணைப் பேசப்படவில்லை. பீற்றர் ஹோர்பி, மாட்டின் லண்ட்ரே ஆகிய பேராசிரியர்கள் 2020 மார்ச்சில் ரிக்கவரி என்னும் பெருஞ்சோதனையைத் தொடங்கினர். 175 இற்கு மேற்பட்ட வைத்தியசாலைகளில், வழமையான சிகிச்சையோடு பழைய மருந்துகள் சிலவற்றையும் அளித்து ஒப்பிட்டனர். யூன் 16 ஆந் திகதி, டெக்சாமெதசோன் என்னும் மருந்து, செயற்கைச் சுவாசக் கருவி பொருத்தப்பட்டோர் இறப்பை மூன்றிலொரு பங்காற் குறைத்தலை அறிவித்தனர். 1950களிற் கண்ட அம்மருந்துக்கு ஆக்கவுரிமை இல்லை, விலையும் அற்பம், எவ்வூர் வைத்தியசாலையிலும் உள்ளது. அறிவித்த அன்றே எந்நாட்டு வைத்தியரும் அதனைப் பயன்படுத்தலாயிற்று. இங்கு அறிவும் பொருளும் ஒருங்கே மக்களை அடைந்தன.

ஜென்னர் நிறுவகம் உருவாக்கிய ஆர்21 என்னும் மலேரியாத் தடுப்பூசியை 2023 ஒக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அதுவும் பூனேயிலேயே செய்யப்படுகின்றது. ஒன்றின் விலை 2 முதல் 4 டொலர். 2024 யூலையில் ஐவரி கோஸ்ட் நாட்டிற் குழந்தைகளுக்கு ஏற்றத் தொடங்கினர். 1934, 1935 ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 80,000 உயிர்களை மலேரியாவுக்குப் பலிகொடுத்த நாடு நமது. தடுப்பூசி இன்றியே, நுளம்பு ஒழிப்பாலும் இடையறாக் கண்காணிப்பாலும் அந்நோயை நாம் அகற்றி, 2016 இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழைப் பெற்றோம். பிறர் கண்ட மருந்துக்குக் காத்திராது செய்யக்கூடியவை பல உள என்பதற்கு இது சான்று.

பெனிசிலினின் கதையும் முடிந்துவிடவில்லை. அம்மருந்தை அழிக்கும் நொதியம் கிருமிகளிடத்து உண்டெனச் செயினும் ஏபிரகாமும் 1940 இலேயே எழுதினர். இன்று மருந்துக்கு அடங்காக் கிருமிகளால் 2019 ஆம் ஆண்டில் மட்டும் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் எனக் கணக்கிட்டுள்ளனர். இதனை ஆராய்தற்கென 2021 இல் இனியோஸ் என்னும் இரசாயனக் கம்பனி ஒக்ஸ்போட்டுக்கு 10 கோடி பவுண் அளித்தது.

முடிவுரை

கொடுக்கக் குறையாத செல்வம் கல்வி என்பது நம் முன்னோர் கொள்கை. அக்கொள்கை பொய்யன்று, ஆயின் அது அறிவுக்கே பொருந்தும், மருந்துக் குப்பிக்குப் பொருந்தாது. குப்பி கொடுக்கக் குறையும். 1941 இல் ஒக்ஸ்போட் நகரிற் கிடந்த பொலிசுக்காரரும், 2021 இல் இரண்டாம் ஊசிக்குக் காத்திருந்த நம்மவரும் எதிர்கொண்டது ஒரே குறையே. அக்குறை தீர இரண்டு வேண்டும். பொதுப்பணத்தால் விளைந்த அறிவு எந்நிபந்தனையிற் கைமாறுகின்றது என்பதை மக்கள் அறிதல் ஒன்று. அவ்வறிவைப் பெற்றால் அதனைப் பொருளாக்கும் கையாற்றலைத் தத்தம் நாட்டிலோ அண்டை நாடுகளோடு கூடியோ வளர்த்துக்கொள்ளல் மற்றொன்று. உரிமைப் பத்திரத்தைக் கிழித்தெறிந்தாலும், செய்யத் தெரிந்த கை இல்லாதார் காத்திருக்கவே நேரும்.

அம்மாணவனுக்கு இன்று விடை கூறுவதாயின், பல்கலைக்கழகம் கற்பிக்கும் இடமே என்பேன். ஆயின் கற்பவர் அங்கு மட்டும் இருந்தாற் போதாது என்பதையும் சேர்த்துக் கூறுவேன்.